எல்.எஸ்.யூ. தடுப்பாட்டத்தின் குறை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2019 பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தேசிய சாம்பியனான லூசியானா மாநிலப் பல்கலைக்கழக (எல்.எஸ்.யூ.) அமெரிக்கக் கால்பந்து அணி, 2020 பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டில் தோற்றது. 14 வீரர்கள் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகளுக்குத் தேர்வாகிப் போனதே காரணம் என்று ரசிகர்களில் ஒரு சாரார் சொல்கின்றனர். இழப்பு பெரியதுதான், ஆனால் அதையே முழுக் காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை.

செப்டம்பர் 26 அன்று நாம் தோற்ற ஆட்டத்தில், மிசிசிப்பி ஸ்டேட் அணியில் பந்தை எறியும் வீரரான கே.ஜே. காஸ்டெல்லோ மொத்தம் 623 யார்டுகளுக்குப் பந்தை எறிந்து, நம் பல்கலைக்கழகங்கள் ஆடும் லீக்கான தென்கிழக்கு மாநாட்டின் சாதனையையே முறியடித்தார். எதிரணியினர் குறுக்கும் நெடுக்குமாக ஓடியபோதும், ஆளுக்கு ஆள் துரத்தும் முறையையே நம்மவர்கள் பெரிதும் நம்பியிருந்தனர். இம்முறையில் தடுப்பாளர் ஓரடி பின்தங்கினாலே போதும், பந்தைப் பிடித்தவருக்கு முன்னால் வெறும் புல்தரைதான். அதுவும் நம் முக்கியத் தடுப்பாளர் டெரெக் ஸ்டிங்லி உடல்நலக் குறைவால் ஆடாத நாளில் இந்தப் பிடிவாதம் ஏன்?

அக்டோபர் 10 அன்று மிசௌரியிடம் 41-45 என்று தோற்றதும் வேதனையே. தடுப்பாட்டப் பயிற்சியாளர் டேவ் அராண்டா பேய்லர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின் அப்பொறுப்பை ஏற்ற போ பெலினி, முன்வரிசையில் நால்வரை நிறுத்தும் புதிய அமைப்பைப் புகுத்தினார். இளம் வீரர்களுக்கு அது பழகும்வரை, பரப்பைப் பிரித்துக் காக்கும் எளிய முறையை அவர் கூடுதலாகக் கையாண்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இப்படிக்கு,
எல்.எஸ்.யூ. ரசிகர் ஒருவர்