காற்று சரியாகிவிட்டது, சுவாசித்தவர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எங்காவது நச்சு வாயு கசிந்தால், மறுநாள் வரும் அறிக்கையில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: 'காற்றை அளந்து பார்த்தோம், வாயு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது, மக்கள் பீதியடைய வேண்டாம்.' பத்திரிகைகளும் அதை அப்படியே போட்டுவிடுகின்றன. தொழிலாளர்களின் நுரையீரல் பரிசோதனையில் நெடுங்காலம் வேலை பார்த்த மருத்துவர் நான். அந்த வரி எனக்குப் பெரும் கவலை தருகிறது. அளந்தவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது அங்கே போய் நிற்பவருக்கு ஆபத்து இல்லை என்று மட்டும்தான் அந்த அளவு சொல்கிறது. முந்தைய இரவு அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர் எவ்வளவு சுவாசித்தார் என்பதற்கு அதில் பதில் கிடையாது. பாதிப்பை மதிப்பிடுவது என்றால் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் ஓர் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை மூன்றரை மணியளவில் ஆலை வாசலருகே கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக அறிவித்தார்கள். 24 மணி நேரச் சராசரி வரம்பான 400-உடன் அதை ஒப்பிட்டார்கள். ஐந்து மடங்கு என்று செய்தி வந்தது. ஆனால் 2,090 மைக்ரோகிராம் என்பது ஏறக்குறைய 3 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் மூன்று பங்கு. அவசரகால வழிகாட்டு அளவுகளின்படி அம்மோனியாவால் பொதுமக்களுக்குக் கண், தொண்டை எரிச்சல் குறிப்பிடத்தக்க அளவில் தொடங்குவது 30 பிபிஎம் வாக்கில். அப்படியிருக்க, அன்று மூச்சுத்திணறலோடு அத்தனை பேர் ஏன் மருத்துவமனைக்கு ஓடினார்கள்? கருவி வந்து சேர்வதற்கு முன்போ, கருவி இல்லாத இடத்திலோ செறிவு பல மடங்கு கூடுதலாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. ஒரே ஒரு நேரத்தில் எடுத்த அளவை ஒரு நாள் சராசரியோடு ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் தவறு வரும்: சில சமயம் வீண் பயம், சில சமயம் வீண் நிம்மதி.

வாயுவின் தீங்கு செறிவை மட்டும் பொறுத்ததல்ல, எவ்வளவு நேரம் சுவாசித்தார்கள் என்பதையும் பொறுத்தது. அதனால்தான் அவசரகால அளவுகளை 10 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணி, நான்கு மணி, எட்டு மணி என்று தனித்தனியாக வகுத்திருக்கிறார்கள். நீடித்த தீங்கு வரக்கூடிய குளோரின் அளவு 10 நிமிடத்துக்கு 2.8 பிபிஎம் என்றால், எட்டு மணி நேரத்துக்கு 0.71தான். தொழிற்சாலைக்குள் அனுமதிக்கும் வரம்பை ஊருக்குப் பொருத்துவதும் சரியல்ல. அது எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஆரோக்கியமான பெரியவர்களுக்காக வகுத்தது. கைக்குழந்தை தன் எடைக்கு நம்மைவிட அதிகமான காற்றை உள்ளிழுக்கிறது. குளோரின்போலக் காற்றைவிடக் கனமான வாயு தரையோடு படியும்போது, முதலில் சிக்குவதும் தரையில் படுத்திருப்பவர்களும் குழந்தைகளும்தான்.

அப்புறம் இந்த வாசனை விஷயம். 'நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் திடீரென்று நின்றால் அது கெட்ட அறிகுறியாகவும் இருக்கலாம். வாயு தண்ணீரில் எந்த அளவு கரையும் என்பதையும் பார்க்க வேண்டும். அம்மோனியா எளிதில் கரையும், அதனால் கண்ணையும் தொண்டையையும் உடனே எரித்து ஆளை விரட்டிவிடும். பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு அவ்வளவாகக் கரையாது. சத்தமில்லாமல் நுரையீரலின் அடிவரை போகும். பல மணி நேரம் நன்றாக இருந்தவருக்கு, சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதல் பரிசோதனையில் 'நார்மல்' என்று எழுதி அனுப்பிய சீட்டை வைத்துக்கொண்டு பாதிப்பில்லாதவர்களை எண்ணிவிடக் கூடாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது முதல் இரண்டு நாள் வேலையைப் பற்றி. உடம்பில் நுழைந்த நச்சின் தடயம் யாருக்காகவும் காத்திருக்காது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆக்சிஜன் கொடுத்தால் இன்னும் சீக்கிரம். விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அதிகாலை கசிந்த ஸ்டைரீன் என்ற ரசாயனத்தை உடல் மாண்டலிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரில் தள்ளும். இரண்டொரு நாளில் பெரும்பகுதி போய்விடும். நிபுணர் குழு அமைத்து, அது கூடி, பரிந்துரை எழுதி முடிப்பதற்குள் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் எந்த வாயு என்று தெரிந்த உடனே, எந்த மாதிரியை எத்தனை மணிக்குள் எடுப்பது என்பது மருத்துவமனைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எடுத்த நேரத்தைக் குறிக்காத மாதிரியால் பெரிய பயன் இல்லை.

இது நடக்கக்கூடிய காரியம்தான். இத்தாலியில் செவேசோ அருகே 1976 ஜூலை 10 அன்று ஆலை விபத்தில் டையாக்சின் என்ற கொடிய நச்சு பரவியபோது, ஒரு சிறிய ரத்த மாதிரியில் அதை அளக்கும் நுட்பம் அப்போது கைவசம் இல்லை. ஆனாலும் மக்களிடம் ரத்தம் எடுத்து உறைய வைத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் கழிந்து நுட்பம் வந்தபோது அதே மாதிரிகளில் அளந்தார்கள். யார் எவ்வளவு டையாக்சினுக்கு ஆளானார் என்று ஆள்வாரியாகத் தெரிந்ததால், பிறகு வந்த நோய்களை அதோடு பொருத்திப் பார்க்க முடிந்தது. இன்றைக்கு அளக்கத் தெரியாவிட்டாலும் பாதுகாத்து வையுங்கள் என்ற அந்தத் தொலைநோக்கை நினைத்து எத்தனையோ முறை வியந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் கிரானிட்வில் என்ற ஊரில் 2005 ஜனவரி 6 அன்று ரயில் விபத்தில் குளோரின் வெளியேறி ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே மூச்சுத்திறன் சோதனை செய்து பதிவேடு வைத்திருந்தார்கள். விபத்துக்கு முன், பின் என்று ஒப்பிட்டபோது நுரையீரல் திறன் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்திருப்பது தெரிந்தது. அந்தப் பழைய பதிவேடு இல்லையென்றால், 'இவருக்கு முன்பே இப்படித்தான் இருந்திருக்கும், பீடி குடித்திருப்பார்' என்று தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம்! ரசாயனக் கிடங்குகளைச் சுற்றி வாழ்பவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை ஊதிப்பார்க்கும் இந்தச் சோதனையைச் செய்து வைப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது.

போபாலைச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை. 1984 டிசம்பர் 2-3 இரவில் சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் வெளியேறியது. எந்த வாயு, எந்த மருந்து என்று தெரியாமல் மருத்துவர்கள் தவித்தார்கள். நடுவண் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வுகள் 1994-இல் நின்றன. அதற்கென்று தேசிய ஆய்வு நிறுவனம் அங்கே வந்தது 2010-இல். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் இடம் மாறியவர்கள், இறந்தவர்கள், நோய் முற்றியவர்கள் எத்தனையோ பேர். இழப்பீட்டுக்காக வகை பிரித்தபோது பெரும்பாலானோர் 'தற்காலிகப் பாதிப்பு' பிரிவில்தான் போய் விழுந்தார்கள். தொடர்ந்து கவனித்து எழுதிவைக்காத நோயை எந்தப் படிவத்தில் காட்ட முடியும்?

எனவே கசிவு நடந்த அன்றே பதிவேடு தொடங்க வேண்டும். பெயர், வயது, அந்த நேரத்தில் எங்கே இருந்தார், வீட்டுக்குள்ளா வெளியிலா, எத்தனை மணிக்கு ஓடினார், எந்தத் திசையில் ஓடினார், என்ன அறிகுறி, கர்ப்பிணியா, ஆஸ்துமா உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். காற்று வீசிய திசையோடும், எவ்வளவு வாயு வெளியேறியது என்ற ஆலைக் கணக்கோடும் இதைச் சேர்த்தால், கருவி பார்க்காத அந்த முதல் மணிநேரத்தை ஓரளவு திரும்பக் கட்டமைக்கலாம். பட்ட மரம், செத்த கோழி, கருகிய இலைகூட இதில் சாட்சிதான். அறிகுறி இல்லாதவர்களையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். ஒப்பிடுவதற்கு அவர்கள் தேவை. பிறகு அறிகுறி வந்தால் அவர்களுக்கும் அது தேவை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை அந்த அறிக்கை வரும்போது, எத்தனை மணிக்கு அளந்தீர்கள், எந்த இடத்தில், எவ்வளவு நேரச் சராசரி, எந்த வரம்போடு ஒப்பிட்டீர்கள் என்று உங்கள் நிருபர்கள் கேட்டு, பதிலையும் சேர்த்து வெளியிட வேண்டும். அதே பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில், அந்தப் பகுதி மக்கள் மருத்துவமனைச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கவும், இருமலோ மூச்சு வாங்குவதோ பிறகு வந்தாலும் போய்ப் பதிந்துகொள்ளவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நல மருத்துவர், தங்கள் நெடுநாள் வாசகி