எட்டு காப்ளின்களும் ஒரே அம்பும்: ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று மாதம் முன்பு வரை ஆட்டக் களத்தின் மேப் என்றால் எனக்கு, மேசைமேல் விரித்த கட்டத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் சுவர் வரைந்து, ஆளுக்கொரு பாட்டில் மூடியை வைத்து நகர்த்துவதுதான். எங்கள் குழு ஆளுக்கொரு திசையில் பிரிந்த பிறகு, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை, விர்ச்சுவல் டேபிள்டாப் என்ற கணினி மேசைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவானது. ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் நான் என்பதால் மேப், டோக்கன் (மேப்பில் ஆளைக் குறிக்கும் சின்னம்), சுவர், வெளிச்சம் எல்லாம் என் தலையில் விழுந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

போன வாரம் முதல் முறையாக நான்கு மணி நேரம் தடங்கல் இல்லாமல் ஆடி முடித்தோம். அதற்குக் காரணமானவர்களிடம் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நாலு பேர் அறியச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, பல வருடமாக ஆட்டம் நடத்திவரும் அக்காவுக்கு. என் முதல் மேப்பில் 30 அடி, அதாவது கட்டத்துக்கு ஐந்து அடி வீதம் ஆறு கட்டம் நகரக்கூடிய வீரன், ஆறு கட்டம் தள்ளி இருந்த கதவை எட்டவே இல்லை. படத்தில் ஆறு கட்டம் இருக்கிறது, மென்பொருளும் ஆறு கட்டம் நகர்த்துகிறது, ஆனால் ஆள் நான்கு கட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுகிறான். மென்பொருளில்தான் கோளாறு என்று நான் அடித்துச் சொன்னேன். அக்கா திரையைப் பகிரச் சொன்னார். "படத்தில் இடமிருந்து வலம் எத்தனை கட்டம் வரைந்திருக்கிறது? எண்ணு" என்றார். எண்ணினேன், 30. "படத்தோட அகலம் எத்தனை பிக்சல்?" 4200. "வகுத்துப் பார்." 140. "நீ மென்பொருளில் கிரிட்டை, அதான் ஒரு கட்டத்தை, எத்தனை பிக்சலில் வைத்திருக்கிறாய்?" 100.

அதற்குப் பிறகு அக்கா எதுவும் பேசவில்லை, எனக்கும் பேச ஒன்றுமில்லை. ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளில் ஒரு கட்டம் இயல்பாக 100 பிக்சல், ரோல்20 என்ற இன்னொன்றில் 70. மேப்பை வரைந்தவர் எந்த அளவில் வரைந்தாரோ அதைக் கண்டுபிடித்துப் பொருத்துவது நம் வேலை. ஒரே ஒரு கட்டத்தை மட்டும் அளந்து பொருத்தினால் போதாது என்பதையும் அன்றே காட்டினார். ஒரு பிக்சல் பிசகினால் இடது ஓரத்தில் கண்ணுக்கே தெரியாது. முப்பதாவது கட்டத்துக்குப் போகும்போது 30 பிக்சல் விலகி, கதவு சுவருக்குள் போய்விடும். அதனால் முழு அகலத்தையும் எண்ணி வகுப்பதுதான் வழி. ஓரத்தில் வெள்ளைச் சட்டம் இருந்தால் அதை முதலில் வெட்டிவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் அக்கா என் திரையில் எதையும் தானே செய்து கொடுக்கவில்லை. அப்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அன்று எண்ணியதால்தான் இன்று எண்ணத் தெரிகிறது.

அடுத்து, தன் பழைய மேப்களையெல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பிய பெரியவருக்கு. அதில் ஒன்றைப் போட்டபோது நடைவழியெல்லாம் ஒடுங்கி, வீரர்கள் வரிசையில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "தம்பி, அந்தக் காலத்தில் ஒரு கட்டம் பத்து அடி" என்றார். 1974-இல் இந்த ஆட்டம் வந்தது போர் விளையாட்டு மரபிலிருந்து. அப்போது தூரத்தை அங்குலத்தில் சொல்வார்கள். உள்ளே என்றால் ஓர் அங்குலம் பத்து அடி, வெட்டவெளி என்றால் பத்து கஜம். இப்போது நாம் ஆடுவது கட்டத்துக்கு ஐந்து அடி. ஆகவே பழைய மேப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிக்க வேண்டும். கிரிட் அளவைப் பாதியாக்கினேன், நடைவழி அகலமாகிவிட்டது. ஐயா, உங்கள் பென்சில் கோடுகளை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இனி தலைப்பில் உள்ள காப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள். ஒரு காப்ளின் டோக்கனைச் செய்து, அதையே எட்டு முறை நகலெடுத்து மேப்பில் தூவினேன். ஒவ்வொன்றுக்கும் 7 உயிர்ப்புள்ளி. எங்கள் வில்லாளி அம்பு விட்டாள், ஐந்து புள்ளி சேதம். ஒரு காப்ளினின் உயிர்ப்புள்ளிப் பட்டை 2-க்கு இறங்கியது. பார்த்தால் எட்டுக்குமே 2. அழைப்பில் இருந்த எல்லோரும் ஒரு நொடி அமைதி. அப்புறம் ஒருவன் மெதுவாக, "அந்த அம்பு எங்கே வாங்கினது?" என்றான். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

அன்று இரவே என்னோடு உட்கார்ந்து அதைச் சரிசெய்த தம்பிக்கு நன்றி. டோக்கன் வேறு, அதன் பின்னால் இருக்கும் கேரக்டர் ஷீட் என்ற விவரத்தாள் வேறு என்பது எனக்குப் புரிந்தது அன்றுதான். வீரர்களின் டோக்கனை ஷீட்டோடு இணைத்து வைக்க வேண்டும். இந்த மேப்பில் பட்ட காயம் அடுத்த மேப்புக்கும் கூடவே வர வேண்டும் அல்லவா? காப்ளின் கூட்டத்துக்கு அந்த இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும், அப்போதுதான் ஒவ்வொன்றும் தன் உயிரைத் தானே வைத்திருக்கும். நகல் எடுத்த பிறகு எட்டையும் ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட, நகலெடுக்கும் முன்பே மூல டோக்கனில் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாக வரும். ஓகர் என்ற ராட்சதன் மாதிரிப் பெரிய உடம்புக்கு 2x2 கட்டம், அதைவிடப் பெரியதற்கு 3x3, மகா பெரிய டிராகனுக்கு 4x4 என்பதையும் தம்பிதான் எழுதிக் கொடுத்தான். அந்தச் சீட்டு இன்னும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் இன்னொருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. எதிரிக்குச் சிவப்பு வளையம், நம் ஆளுக்குப் பச்சை வளையம் என்று நான் வைத்திருந்தேன். இரண்டு ஆட்டம் பொறுத்துக்கொண்டு, மூன்றாவதில்தான் சொன்னார். தன் தோழனையே வெட்டப் போன பிறகு! இப்போது நிறத்தோடு வடிவமும் மாறும். எதிரிகளுக்குச் சதுரச் சட்டம், டோக்கன் அடியில் எண்ணும் உண்டு. யாருக்கு எப்படித் தெரிகிறது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவன் நான். சொன்னதற்கு நன்றி, இரண்டு ஆட்டம் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு செல்லக் கோபம்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். மென்பொருளில் வெளிச்சத்தையும் பார்வையையும் தடுக்கும் சுவர்க்கோடு வரைவது சுலபம் என்றுதான் நினைத்தேன். இரண்டு கோடுகள் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை விட்டுப்போனாலும் அதன் வழியே வெளிச்சம் நூல் மாதிரி அடுத்த அறைக்குப் போகிறது. படத்தில் உள்ள சுவரின் விளிம்பிலேயே கோடு போட்டால் ஆட்டக்காரருக்குச் சுவரே தெரியாமல் கறுப்பாக இருக்கிறது. கொஞ்சம் சுவருக்குள்ளே தள்ளிப் போட்டால் கல் தெரிகிறது, அறை அறையாக இருக்கிறது. தீப்பந்தத்துக்கு 20 அடி நல்ல வெளிச்சம், அதற்கு மேல் இன்னொரு 20 அடி மங்கல் வெளிச்சம். இதையெல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, குள்ள வீரனின் டோக்கனில் பார்வையை இயக்க மறந்துவிட்டேன். இருட்டிலும் பார்க்கக்கூடியவன். அதை ஆடிய நண்பர் இருபது நிமிடம் கறுப்புத் திரையைப் பார்த்தபடி, "நல்ல திகிலாக இருக்கிறது" என்று பாராட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தைய நாள் தன் பத்து நிமிடத்தைக் கொடுத்து, ஆட்டக்காரராக உள்ளே நுழைந்து "எனக்கு என்ன தெரிகிறது" என்று ஒவ்வொரு மூலையாக வாய்விட்டுச் சொன்னவர் அவரேதான். ஜிஎம் திரையில் எல்லாமே தெரியும், அதனால் எந்தத் தப்பும் தெரியாது. இன்று நானே இரண்டாவது பிரவுசரில் ஆட்டக்காரர் கணக்கில் நுழைந்து பார்த்துக்கொள்கிறேன். அவர் குரலில் கேட்ட சுகம் அதில் இல்லை என்பது வேறு விஷயம்.

என் 28 எம்பி மேப் திறக்கக் காத்திருந்து சலித்து, அதை வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவத்துக்கு மாற்றி மூன்று எம்பிக்குள் அடக்கி அனுப்பியவருக்கும் நன்றி. கேட்டதற்கு, "மூணாவது தடவை காத்திருக்க முடியலை" என்றார். நியாயம்தான். தாங்கள் வரைந்த மேப்களைப் பெயர் குறிப்பிட்டால் போதும் என்று பொதுவில் விட்ட ஓவியர்களுக்கும் நன்றி. ஒவ்வொரு மேப்பின் மூலையிலும் உங்கள் பெயர் இருக்கிறது, யாரும் வெட்டவில்லை.

கடைசியாக என் ஆட்டக்காரர்கள். பதுங்கியிருக்க வேண்டிய ஓகரை நான் எனக்கு மட்டும் தெரியும் ஜிஎம் லேயரில் வைப்பதற்குப் பதிலாக, எல்லோருக்கும் தெரியும் டோக்கன் லேயரில் வைத்துவிட்ட நாள் நினைவிருக்கிறதா? மரத்துக்குப் பின்னால் 2x2 அளவில் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. நீங்கள் நால்வரும் பார்த்தீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "என்ன அழகான காடு" என்று பேசிக்கொண்டே நேராக அதன் கையருகில் போய் நின்று, நான் "திடீரென்று..." என்றதும் அலறினீர்கள். ஆட்டம் முடிந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்று நீங்கள் சிரித்திருந்தால் அத்தோடு பழையபடி பாட்டில் மூடிகளுக்கே திரும்பியிருப்பேன்.

அடுத்த ஆட்டம் பாலத்தில். பாலத்துக்கு அடியில் இருப்பது இந்த முறை நிஜமாகவே ஜிஎம் லேயரில்தான் இருக்கிறது. நேற்று இரண்டு தடவை ஆட்டக்காரராக நுழைந்து பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஜிஎம்