வாரும் பட்டையும்: நாமே தைப்பதா, சொல்லிச் செய்விப்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், குதிரைக்கும் நாய்க்கும் வேண்டிய பட்டை, வார், தலைக்கயிறு முதலியவற்றை வீட்டிலேயே செய்துகொண்டால் பாதிச் செலவு மிஞ்சும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்ததையும், அடுத்த வாரமே, அளவு கொடுத்து வெளியூர்ப் பட்டறையில் செய்விப்பதுதான் விலங்குக்கு நல்லது என்று இன்னொருவர் மறுத்திருந்ததையும் படித்தேன். உச்சிப்புளிப் பக்கத்தில் ஒரு மட்டக் குதிரையையும் ஒரு சிப்பிப்பாறையையும் ஒரு மண்டை நாயையும் வைத்துக்கொண்டு, இந்த இரண்டு வழிகளிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இருவருமே செலவைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்குச் செலவு இரண்டாவது கேள்வி. அளவு எடுப்பது யார், அறுந்தால் மறுநாளே தைத்துத் தருவது யார் என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் நானே செய்ததைச் சொல்கிறேன். வண்டியில் பூட்டும்போது குதிரையின் மார்புக்குக் குறுக்கே வருகிற பட்டையை, திண்டுக்கல்லில் வாங்கி வந்த தோலில், மாட்டுத்தோலின் முதுகுப் பகுதியாகப் பார்த்து வெட்டி, ஒரு வாரம் மாலை வேளைகளில் உட்கார்ந்து கையாலேயே தைத்தேன். வயிற்றுப் பகுதித் தோல் இழுக்க இழுக்க நீளும் என்பதும், முதுகுப் பகுதி அப்படி நீளாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதிருந்தது, பட்டையின் முனைகளைப் பூட்டுகிற பக்கிள். பார்வைக்குப் பளபளவென்று இருந்த ஒன்றை இரும்புக் கடையில் வாங்கிப் போட்டுவிட்டேன். பத்தாவது மாதம், அரியமான் கடற்கரைக்குப் போகிற மணல் தடத்தில் சக்கரம் புதைந்து, குதிரை மார்பைக் கொடுத்து இழுத்தபோது, பக்கிளின் முள் அடியோடு ஒடிந்தது. பட்டை நழுவி முன்னங்கால்களில் சிக்க, நல்ல வேளையாக அது மிரளாமல் நின்றுவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் தோலுக்கும் ஒன்றும் இல்லை, தையலுக்கும் ஒன்றும் இல்லை. முள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில், பூச்சுக்கு அடியில், இரும்பு பொரிந்து பழுப்புத் தூளாக இருந்தது.

உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று நம் மாவட்டத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் தன் ஆயுள் முழுவதும் துருவோடு போராடியதையும், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்ததையும் பார்த்தவர்கள் நாம். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைச் சோதிக்கவென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் நிக்கல் பூசிய இரும்புப் பக்கிளைக் குதிரையின் மார்பில் மாட்டியது என் மடமை. இப்போதெல்லாம் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். காந்தம் கவ்வினால் அது பூச்சுப் போட்ட இரும்பு, வேண்டாம். கவ்வாவிட்டாலும் உடனே நம்பிவிடக் கூடாது. துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவுப் பக்கிளையும் காந்தம் தொடாது, ஆனால் அது இழுவை தாங்காமல் பட்டென்று ஒடியும். கையில் கனக்கிற கெட்டிப் பித்தளை நல்லது. அதைவிட நல்லது, விசைப்படகுகளுக்குச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும் 316 வகை எவர்சில்வர் வளையங்கள். சமையல் பாத்திர எவர்சில்வரில் உப்பு புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். மாலிப்டினம் சேர்ந்த இந்த வகை அதை நன்றாகத் தாங்குகிறது.

இனி, செய்வித்துக்கொண்ட கதை. மார்புப் பட்டையில் பட்ட அவமானத்துக்குப் பிறகு, கடிவாளத்தோடு கூடிய முகப்பட்டை முழுவதையும் வடக்கே ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்தேன். வேலையில் குறை சொல்ல முடியாது. தையல் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. ஆனால் வந்து சேர்ந்த முகப்பட்டையின் நெற்றிப்பட்டை இரண்டு விரல் அளவு குட்டையாக இருந்ததால், தலைக்கு மேல் போகிற வாரை அது முன்னால் இழுத்து, இரண்டு காதுகளின் அடியிலும் உராய்ந்தது. நான்கு நாட்களில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது. தவறு பாதி என்னுடையதுதான். ஒரு காதின் பின்னோரத்திலிருந்து நெற்றியைச் சுற்றி மறு காதின் பின்னோரம் வரை அளக்க வேண்டியதை, நெற்றியின் அகலத்தை மட்டும் அளந்து எழுதி அனுப்பியிருந்தேன். பாதி அவர்களுடையது, அனுப்பிய நான்கு அளவுகளில் ஒன்று மற்ற மூன்றோடு பொருந்தவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திருப்பி அனுப்புகிற செலவை விசாரித்தபோது, இங்கேயே புதிதாக ஒரு நெற்றிப்பட்டை தைத்துவிடலாம் என்று தெரிந்தது. கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வடக்கே இந்தக் கைத்தொழிலின் தரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. குதிரையைப் பார்க்காமல் வெட்டிய தோலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த நெற்றிப்பட்டையைத் தைத்துத் தந்தவர் இராமநாதபுரத்தில் செருப்பும் பையும் தைக்கிற பெரியவர் ஒருவர். இராமேசுவரத்தில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் அவற்றுக்கு வார் தைத்துப் பழகிய கை. நான் அளவு எழுதிய தாளை நீட்டியபோது அவர் அதை வாங்கவே இல்லை. “சீட்டுல எழுதுன அளவ நம்பித் தோலு வெட்ட மாட்டேன் தம்பி, குதிரையக் கொண்டாங்க” என்றார். கொண்டுபோனேன். அவர் நாடா எதுவும் எடுக்கவில்லை. ஒரு சணல் கயிற்றைக் குதிரையின் ஒரு கடைவாயிலிருந்து உச்சி வழியாக மறு கடைவாய் வரை தவழவிட்டு, நின்ற இடத்தில் முடிச்சுப் போட்டார். பிறகு பட்டை உரித்த வேப்பங்குச்சி ஒன்றைக் கடிவாள இரும்பு படுக்கிற இடத்தில் வாய்க்குக் குறுக்கே நுழைத்து, உதடுகளின் இரு ஓரத்திலும் நகத்தால் கீறி வெளியே எடுத்தார். அந்தக் கீறல்களுக்கு அப்பால் இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் கூட்டினால் இரும்பின் நீளம் வந்துவிடும். அதைவிடக் குறைந்தால் கடைவாய் கிள்ளுப்படும், கூடினால் இரும்பு வாய்க்குள் பக்கவாட்டில் ஓடும். தாடையடி வாருக்கு ஒரு கைமுட்டி புகுகிற இடம், மூக்குப்பட்டைக்கு இரண்டு விரல் புகுகிற இடம் என்று அவரே கையை வைத்துக் காட்டினார். ஐயனார் கோவில் புரவி எடுப்புக்கு வேளாரிடம் பிடிமண் கொடுத்து, மண்குதிரைக்கே கடிவாளமும் கழுத்துமணியும் பார்த்துப் பார்த்துச் செய்விக்கிற சீமையில், உயிருள்ள குதிரைக்கு அஞ்சலில் அளவு அனுப்பினேனே என்று அன்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த அனுபவத்தில் எனக்குக் கிடைத்த முடிவு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாய்க்குள் போகிற இரும்பையும், முதுகில் பாரம் ஏற்றுகிற சேணத்தையும் வீட்டில் செய்யவே கூடாது. சேணத்தின் அடியில் இரண்டு மெத்தைகளும், அவற்றுக்கு நடுவே முதுகெலும்பின் மேல் எதுவும் படாத ஒரு கால்வாயும் இருக்க வேண்டும். பழைய கோணிச்சாக்கை மடித்து வைத்துத் தைத்தவர்களின் குதிரைகளில், முதுகு முகட்டில் வெள்ளை மயிர் முளைத்த தழும்புகளைப் பார்த்திருக்கிறேன். கடிவாள இரும்பை வெல்டிங் பட்டறையில் முறுக்குக் கம்பியால் செய்து கொள்கிறவர்களும் உண்டு. பந்தயத்துக்குப் பழக்குகிற சிலர் அதில் முள் வைப்பதையும் பெருமையாகச் சொல்கிறார்கள். முள்ளோ முண்டோ கூர்முனையோ உள்ள கடிவாளத்தையும் பூட்டுச் சாமானையும் இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன என்பதை அவர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.

மற்ற வார்களை நாமே தைக்கலாம், அல்லது அருகிலுள்ள கைகாரரிடம் விலங்கைக் கொண்டுபோய் நிறுத்தித் தைப்பிக்கலாம். தைக்கிறவர்களுக்கு இரண்டு செய்திகள். தோலின் வெட்டுவாயைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் உள்ளே நீலச்சாம்பலாகத் தெரிந்தால் குரோம் போட்டுப் பதனிட்டது, பழுப்பாகத் தெரிந்தால் மரப்பட்டையில் பதனிட்டது. இழுவைக்கு இரண்டாவதுதான் நல்லது. ஆவாரம்பட்டையில் பதனிடுகிற மரபு நம் தமிழ்நாட்டுடையது, அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. அடுத்தது தையல். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக நுழைத்து இழுத்தால், ஓர் இடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். இயந்திரத் தையல் ஓர் இடத்தில் அறுந்தால் பிரிந்துகொண்டே போகும். பருத்தி நூல் வியர்வையிலும் உப்பிலும் இற்றுவிடுவதால் மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூலே ஏற்றது. நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று எண்ணி நான் முதலில் தைத்த ஒரு வார், தபால்தலையைக் கிழிப்பதுபோல் துளைவரிசை வழியே கிழிந்து வந்தது. அங்குலத்துக்கு ஆறேழு தையல் போதும்.

நாய்களின் காரியத்தில் வீட்டுத் தையலுக்கே என் ஓட்டு. மண்டை நாய்க்குப் பெயருக்கேற்ற பருத்த தலை, எந்தப் பட்டையும் அதன் தலைவழியே கழன்று வராது. சிப்பிப்பாறையின் தலை கழுத்தைவிட ஒடுங்கியது. கடையில் விற்கிற ஒரு விரல் அகல பெல்ட்டைப் போட்டால், ஒரு முயலைக் கண்டதும் தலையை உருவிக்கொண்டு போய்விடும். உருவாதபடி இறுக்கினால் மெல்லிய தோல் வெட்டுப்படும். நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில், உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் வைத்து, இரு முனைகளிலும் வளையம் போட்டு, அவற்றுக்குள் ஓடுகிற ஒரு சிறு நாடா இழுபடும்போது மட்டும் ஓர் அளவுக்குச் சுருங்கும்படி செய்த பட்டையே அதற்குச் சரியாக வந்திருக்கிறது. இதற்கு ஒரு மாலை போதும். குட்டிக்கு இதைச் செய்ய வேண்டாம். ஒரு வயது கடக்கும்வரை கழுத்து மாறிக்கொண்டே இருக்கும். பிடிகயிற்றுக்கு நம் கரையைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? வலை பின்னுகிற அண்ணன்மார் மூன்று புரிக் கயிற்றின் முனையைப் பிரித்து, தன்னுள்ளேயே திரும்பப் பின்னிக் கண் போடுகிற முறையை அரைமணி நேரத்தில் கற்றுத் தந்தார்கள். முடிச்சுப் போட்ட கயிறு முடிச்சில்தான் பலம் குறையும். பின்னிய கண்ணில் அந்தக் குறை மிகக் கொஞ்சம். கயிறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாயை நாளெல்லாம் குட்டைக் கயிற்றில் கட்டிப் போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பலம் கூடக் கூட நல்லது என்று நினைக்கவும் கூடாது. தொழுவத்தில் கட்டுகிற தலைக்கயிற்றை நான் அறாத நைலானில் செய்து, அறாத கயிற்றில், அசையாத கல்தூணில் கட்டியிருந்தேன். ஒரு புயல் மழை இரவில் தகரம் பறந்து விழுந்து, குதிரை பின்னால் இழுத்து இழுத்துப் பிடரியைப் புண்ணாக்கிக்கொண்டது. இப்போது தூணில் மெல்லிய சணல் வளையம் ஒன்றைப் போட்டு, அந்த வளையத்தில்தான் கயிற்றைக் கட்டுகிறேன். உயிர்போகிற இழுவை வந்தால் இரண்டு ரூபாய்ச் சணல் அறுந்து குதிரையை விட்டுவிடும்.

செலவையும் மறைக்காமல் சொல்லவேண்டும். குத்தூசி, துளைப்பான், வெட்டுக்கத்தி, நூல், மெழுகு எல்லாம் வாங்கி ஒரே ஒரு பட்டை தைப்பவருக்கு, கடைப் பட்டையே மலிவு. மூன்று நான்கு விலங்குகள் வைத்து ஆண்டுதோறும் தைப்பவருக்குத்தான் கணக்கு கட்டிவரும். பராமரிப்பு நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலில் நனைந்த வாரை நல்ல தண்ணீரில் துடைத்து நிழலில் காயவைப்பதும், ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சணம் பிடிக்காமல் துடைத்து, விளக்கெண்ணெயைத் தொட்டுத் தொட்டுப் பூசுவதும் நான் தைத்த வாருக்கும் வடக்கிலிருந்து வந்த வாருக்கும் ஒன்றுதான்.

தங்கள் நாளிதழ் வழியாகக் கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு வேண்டுகோள். வெறிநாய்த் தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் ஊர் ஊராக முகாம் நடக்கிறது; நாய் மேசைமேல் நிற்கிற அந்த ஐந்து நிமிடத்தில், அதன் கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் புகுகிறதா என்று பார்த்து, கழுத்தளவையும் தலையளவையும் ஒரு சீட்டில் எழுதித் தரலாம். குதிரை கொண்டு வருகிறவர்களுக்கு வாயளவும் மார்பளவும் எழுதித் தரலாம். தோல் வேலை தெரிந்த நம் ஊர்ப் பெரியவர்களில் ஒருவரை அந்த முகாமுக்கு அழைத்து, அன்றைய கூலியைக் கொடுத்து ஓர் ஓரத்தில் உட்கார வைத்தால், பழுது பார்க்க வேண்டிய வார் எத்தனை வருகிறது என்று துறையினரே பார்ப்பார்கள். உச்சிப்புளி வட்டாரத்தில் நடக்கிற முதல் முகாமுக்கு நூலும் மெழுகும் பித்தளை வளையங்களும் என் செலவில் கொண்டுவருகிறேன்; அளவு எடுத்துக் காட்ட என் குதிரையையும் கொண்டுவந்து நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.