மெஸ் பில்லின் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரி விடுதி நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் சென்னிமலையில் தறி நெய்கிறவன். மகள் கோவையில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சாப்பாட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்புப் பற்றவைக்கிற சமையல்காரர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்குப் பிடிபடாதது பில்தான்.

போன மாதம் வந்த சீட்டில் மூன்றே வரி: மெஸ், எஸ்டாப்ளிஷ்மென்ட், மொத்தம். ஆபீஸ் ஜன்னலில் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இதேதானுங்க" என்றார்கள். "விடுங்கப்பா, வாங்க போலாம்" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. நாலு இடத்தில் விசாரித்தேன்.

சில கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரே தொகை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதுதான். சில இடங்களில் காண்ட்ராக்ட். நாளுக்கு இவ்வளவு என்று பேசிவிடுகிறார்கள். மகள் இருப்பது டிவைடிங் சிஸ்டம். அந்த மாதம் அரிசி, பருப்பு, காய்கறி, பால், கேஸ் என்று ஆன செலவை, எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். வருவது ஒரு நாள் செலவு. சமையல்காரர் சம்பளம், கரண்ட் எல்லாம் எஸ்டாப்ளிஷ்மென்ட் கணக்கில் தனியாக, எல்லோருக்கும் சமமாக.

நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. 300 பேர், 30 நாள், செலவு 9 லட்சம் என்றால் 9,000 நாள். நாளுக்கு 100 ரூபாய். பரீட்சை லீவில் பாதிப் பேர் பத்து நாள் ஊருக்குப் போய் 7,500 நாளாகி, செலவு மட்டும் குறையாவிட்டால் அதே சாப்பாடு 120 ரூபாய். அப்போது அந்த 20 ரூபாய் எங்கிருந்து வந்தது? வீணாய்ப் போன சோற்றிலிருந்துதான். ஆனால் மூன்று வரிச் சீட்டில் அது தெரியவே தெரியாது.

அப்புறம் மெஸ் ரிடக்ஷன், அதாவது ஊருக்குப் போன நாளைப் பில்லில் கழிப்பது. மகள் விடுதியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, தொடர்ந்து ஐந்து நாள் ஊருக்குப் போனால்தான் கழிப்பார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. சாமான் முன்பே வாங்கியாகிவிடுகிறது, ஆள் குறைவதைக் கடைசி நேரத்தில் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீடு இரண்டு மணி நேரத் தூரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறி, பெருந்துறையில் மாறி வந்துவிடுகிறாள். திங்கள் காலை இங்கேயே இரண்டு இட்லி தின்றுவிட்டுத்தான் கிளம்புகிறாள். வெள்ளி இரவு தொடங்கி எண்ணினால் எட்டு வேளை. நான்கு வாரத்துக்கு 32 வேளை. மாதத்தின் 90 வேளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதில் ஒரு வேளைகூடக் கழிவதில்லை.

அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நாளுக்கு 100 ரூபாய் என்றே வைத்தாலும் 32 வேளைக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் வந்த காசு, தின்னாத சோற்றுக்குப் போகிறது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் நெசவாளர் கூட்டுறவு சொசைட்டியில் நூலை எடை போட்டுக் கொடுப்பார்கள், நெய்த போர்வையை எடை போட்டு வாங்குவார்கள். கழிவு எவ்வளவு என்பது பாஸ்புக்கில் இருக்கும். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். அட்மிஷன் போடும்போதே எந்த முறை, எத்தனை நாளுக்கு ரிடக்ஷன் என்பதைத் தமிழில் ஒரு தாளில் கொடுங்கள். மாதாமாதம் மொத்தச் செலவு, மொத்த நாள், வகுத்து வந்த தொகை மூன்றையும் மெஸ் வாசலில் ஒட்டுங்கள். சனி ஞாயிறு ஊருக்குப் போகிறவர்கள் புதன்கிழமை இரவே நோட்டில் கையெழுத்துப் போடட்டும். காய் வாங்கும் முன்பே உங்களுக்குத் தலைக்கணக்கு தெரிந்துவிடும். அந்த இரண்டு நாளைக் கழித்துவிடுங்கள்.

அடுத்த மாதத் தாள் ஒட்டியிருந்தால், மகளைப் பார்க்க வரும்போது வாசலில் நின்று முழுக்கப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா,
சென்னிமலை.