சத்தமே இல்லாமல் பத்துக்குப் பத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

தொடுதிரை ஆப்கள் குழந்தைகளுக்குச் சீக்கிரமே சொற்களைக் கற்றுத் தருகின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். என் பேத்திக்கு இரண்டு வயது நான்கு மாதம். அவளிடமும் அப்படி ஒன்று உண்டு: மூன்று படம் வரும், 'குடை எங்கே?' என்று குரல் கேட்கும், குடையைத் தொட்டால் கைதட்டலும் பலூனும். பத்துக்குப் பத்து வாங்குகிறாள், வீடே பூரித்துப்போகிறது.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் சத்தத்தை அணைத்துவிட்டேன். அப்போதும் பத்துக்குப் பத்து! அப்புறம் உற்றுப் பார்த்தால், சரியான படம் மட்டும் லேசாக ஆடுகிறது, ஆடுவதைத் தொடுகிறாள், அவ்வளவுதான். நிஜக் குடையை நீட்டி 'இது என்ன?' என்றேன். விரலால் ஒரு குத்து குத்திவிட்டு, பலூன் வருமா என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.

தொடுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. 2016இல் வந்த ஓர் ஆய்வில், வீடியோவில் ஒரு பெண் பெயர் சொல்லும் பொருள் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தையே தொட வைத்தபோது, இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் அந்தச் சொல்லைக் கற்றார்கள். திரையில் எங்கே வேண்டுமானாலும் தொடலாம் என்று விட்டபோது கற்கவில்லை. கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கோ பொருள் இருக்கும் இடத்தையே தொட வைத்தது இடைஞ்சலாகப் போயிற்று, சும்மா பார்த்தே கற்றுக்கொள்ளக்கூடியவர்கள் அவர்கள். ஆக, நான்கைந்து மாத வித்தியாசமே கணக்கை மாற்றிவிடும்போது, ஆப்பில் '1 முதல் 5 வயது வரை' என்று போடுகிறார்களே, அதை எப்படி நம்புவது?

திரைமேல் பழி போடவும் எனக்கு மனமில்லை. 2014இல் வந்த இன்னொரு ஆய்வில், வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்து இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள் புது வினைச்சொற்களைக் கற்றிருக்கிறார்கள், பதிவுசெய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. அழைப்பில் இருப்பவர் குழந்தை திரும்பினால் கூப்பிடுவார், உளறினால் அதற்கும் பதில் சொல்வார், சரியா?

அடுத்த கட்டுரைக்கு ஆப் தயாரிப்பவர்களிடம் பேசும்போது, அந்தப் படம் ஏன் ஆடுகிறது என்று மட்டும் எனக்காகக் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா