தெளிவுரை வேண்டி

அன்புள்ள சேவியர்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மீனாட்சிக்குத்தான் சர்க்கரை இறங்க மாட்டேன் என்கிறது. பேரன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான். குசலம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ இங்கே விட்டுப்போன, ரோம அதிகாரி பிளினியின் கடிதங்களைப் படித்தேன். ரோமர்கள் உன் கிறிஸ்தவ ஆட்களைச் சிங்கத்துக்குப் போட்ட கதையை எத்தனை டீக்கு நடுவே எனக்குச் சொல்லியிருப்பாய்! பத்தாம் புத்தகத்தில் இப்படி ஒரு கோப்பு இருக்கிறது என்று ஏனடா ஒரு நாளும் சொல்லவில்லை?

கி.பி. 112 வாக்கில் கருங்கடல் ஓரத்துப் பிதினியா-பொந்துஸ் மாகாணத்துக்கு பிளினி ஆளுநர். எதற்கெடுத்தாலும் ரோமப் பேரரசர் டிராஜனுக்கு எழுதித் தெளிவுரை கேட்கிற ரகம். அந்த மாகாணத்து நிக்கோமீடியா நகரில் பெரிய தீ விபத்து. 150 பேரை வைத்துத் தீயணைப்புக் குழு அமைக்கலாமா என்று கேட்கிறார். கூடாது என்கிறார் டிராஜன். என்ன பெயரில் ஆள் சேர்த்தாலும் கொஞ்ச நாளில் அது அரசியல் சங்கமாகிவிடுமாம். சாமான்களை வாங்கி வை, வீட்டுக்காரர்களே அணைத்துக்கொள்ளட்டும் என்று பதில். நம் ஆபீஸ் ஊறுகாய் சூப்பிரண்டு இருந்திருந்தால் இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்.

தீயை அணைக்கவே ஆள் சேரக் கூடாது என்ற அரசாங்கம், விடியுமுன் கூடிப் பாடுகிற கூட்டத்தை எப்படிப் பார்த்திருக்கும்? கிறிஸ்தவர்களைப் பற்றிய கடிதத்தில் பிளினி முதலில் கையை விரிக்கிறார். இந்த மாதிரி விசாரணையில் நான் உட்கார்ந்ததே இல்லை, கிறிஸ்தவன் என்ற பெயரே குற்றமா, அந்தப் பெயரோடு சேர்ந்த குற்றங்கள்தான் குற்றமா என்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நீ கிறிஸ்தவனா என்று மூன்று தடவை, தண்டனையைச் சொல்லி மிரட்டிக் கேட்டிருக்கிறார். ஆமாம் என்றே நின்றவர்களைக் கொல்ல அனுப்பிவிட்டார். எதை ஒப்புக்கொண்டார்களோ, அது எப்படியிருந்தாலும், அந்தப் பிடிவாதத்துக்கே தண்டனை தகும் என்று எழுதுகிறார். ரோமக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும் ரோமுக்கு அனுப்பக் குறித்துவைத்திருக்கிறார். அவர்களுக்கு வேறு நடைமுறை!

பிறகு வருகிறது மொட்டைக் கடிதம். ஆமாம், நம்ம மொட்டைக் கடிதமேதான், நிறையப் பெயர்களோடு. இல்லை என்றவர்களைத் தெய்வங்களை வணங்கச் சொல்லி, டிராஜன் சிலைக்குத் தூபமும் மதுவும் படைக்க வைத்து, கிறிஸ்துவைச் சபிக்கச் சொல்லி, செய்தவர்களை விட்டுவிட்டார். முன்பு இருந்தோம், விட்டுவிட்டோம் என்றவர்களிடம் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறி மாறிப் பாடுவோம். திருட மாட்டோம், பிறர்மனை தொட மாட்டோம், ஒப்படைத்த பொருளை இல்லையென்று சாதிக்க மாட்டோம் என்று உறுதி எடுப்போம். பிறகு கூடிச் சாதாரணச் சாப்பாடு சாப்பிடுவோம் என்றிருக்கிறார்கள். சங்கங்களுக்குத் தடை வந்ததும் அதையும் நிறுத்திவிட்டார்களாம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் உண்மை வேண்டும் என்று, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். அடிமையின் வாக்குமூலத்தை வதைத்து வாங்குவதுதான் அவர்கள் வழக்கம். கிடைத்தது அளவுமீறிய மூடநம்பிக்கை, வேறொன்றும் இல்லை என்று ஒரு வரி. பெயர்கூட எழுதவில்லை, சேவியர். எஜமானும் அடிமையும் சேர்ந்து உட்கார்கிற சபையில் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பொறுப்பும் மரியாதையும் இருந்திருக்கிறது. ரோமச் சமூகத்துக்குச் சிலுவையைவிட அதுதான் உறுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

பிளினி கொடுமைக்காரராக இருந்திருந்தால் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கியிருப்பேன். இதே மனுஷன் எட்டாம் புத்தகத்தில் தன் வீட்டு அடிமைகள் நோயில் செத்ததற்கு உடைந்துபோய் எழுதுகிறார். அவர்கள் உயில் எழுதிவைக்கக்கூட அனுமதித்தவர். நம் ஆபீசுக்கு இப்படி ஒருத்தர் வந்திருந்தால் தங்கமான அதிகாரி என்றுதான் நாமும் சொல்லியிருப்போம். இரண்டு நாளாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று மீனாட்சி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

டிராஜன் பதில் சுருக்கம். தேடிப் பிடிக்காதே, யாராவது குற்றம் சாட்டி நிரூபித்தால் தண்டி, மறுத்துத் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடு, மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ளாதே, அது நம் காலத்துக்கு ஒவ்வாது. அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜ்காரர், கிறிஸ்தவ எழுத்தாளர் டெர்டுல்லியன் கி.பி. 197 வாக்கில் இதைப் பிய்த்துப் போடுகிறார் பார்: குற்றவாளி என்றால் ஏன் தேடவில்லை, நிரபராதி என்றால் ஏன் தண்டிக்கிறாய்? டைபர் நதி பொங்கினாலும் நைல் நதி பொங்காவிட்டாலும் கிறிஸ்தவனைச் சிங்கத்துக்குப் போடு என்று கத்துகிறார்களே என்று கேலி செய்ததும் அவர்தான். இதோ, உன் சிங்கம் வந்துவிட்டது, சந்தோஷமா?

தொகுதியில் அடுத்த கடிதம் எதைப் பற்றித் தெரியுமா? அமாஸ்திரிஸ் ஊரில் திறந்து கிடக்கிற சாக்கடையை மூட அனுமதி கேட்டு!

டெர்டுல்லியன் புத்தகம் உன்னிடம் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா. தனியாக வராதே, தங்கச்சியையும் கூட்டி வா.

அன்புடன்,
ராமநாதன்

பி.கு.: வெறிச்சோடிக் கிடந்த கோயில்களுக்குக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது, வாங்க ஆளில்லாமல் கிடந்த பலி இறைச்சியும் மறுபடி விற்கிறது என்று பிளினி கடைசியில் பெருமையாக எழுதுகிறார். அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது கசாப்புக் கடைக்காரன்தான் என்று எனக்குச் சந்தேகம். ஆதாரம் கிடையாது. நீ என்ன நினைக்கிறாய்?