கருக்கி அரைத்த குழம்பும் கொஞ்சம் கொசுறும்

குவாதலஹாரா, மெக்சிகோ
நவம்பர் 9

அன்புள்ள கோமதி,

நீ எழுதி, உன் பேரன் படம் பிடித்து அனுப்பிய நான்கு பக்கமும் வந்து சேர்ந்தன. உன் கையெழுத்து இன்னும் எட்டாம் வகுப்பில் இருந்த அதே கோணலில்தான் இருக்கிறது. என் மகள் பவானி படிக்கத் திணற, நான் ஒரே மூச்சில் வாசித்துக் காட்டினேன்.

குழம்புப்பொடி கிலோ 600 ரூபாய் என்றதும் "மிளகாயும் மல்லியும்தானே அக்கா, இதுக்கா இவ்வளவு?" என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனதை எழுதியிருந்தாய். இனிமேல் வறுக்கிற வேலையை விட்டுவிட்டு வெயிலில் காய்ந்ததை அப்படியே மில்லில் கொடுத்து அரைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். பதில் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பதை மட்டும் கடிதத்தைப் படித்துவிட்டு நீ முடிவு செய்துகொள்.

என் அறுபது வயதுக்குப் பரிசு என்று பவானி எங்களை மூன்று நாள் வஹாக்காவுக்குக் கூட்டிப் போனாள். மெக்சிகோவின் தெற்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். நம் பக்கம் செட்டிநாட்டுச் சமையல் என்றால் ஒரு மரியாதை இருக்கிறதே, இந்த நாட்டில் வஹாக்காவுக்கு அந்த மரியாதை. சாப்பிடுவதற்கென்றே ரயிலேறிப் போகிற ஊர் என்று சொல்லலாம், ரயில்தான் கிடையாது. நான் இதுவரை மெக்சிகோ சாப்பாடு என்று நினைத்திருந்தது, என் தம்பி வீட்டுக்கு அமெரிக்கா போனபோது தின்ற, மஞ்சள் சீஸ் கொட்டிய டாக்கோவைத்தான். இங்கே அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். டெல்லியில் யாரோ "சாம்பாரில் சர்க்கரை போடுவீர்களாமே" என்று உன்னிடம் கேட்டபோது நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பு.

மருமகன் ஒரு பெரிய ஓட்டலில் முன்கூட்டியே இடம் சொல்லிவைத்திருந்தார். 2024-இல், ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் சொல்கிற மிச்லின் கையேடு முதல் தடவையாக மெக்சிகோவுக்கு வந்து நட்சத்திரம் கொடுத்ததிலிருந்து இந்த மாதிரி இடங்களில் கூட்டம் நெரிகிறதாம். மெக்சிகோ நகரத்தில் நின்றுகொண்டே தின்கிற எல் கலீஃபா தே லேயோன் என்ற டாக்கோ கடைக்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். அந்தச் செய்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. நாங்கள் போன இடத்துக்கு நட்சத்திரம் இல்லை. விலை மட்டும் நட்சத்திர விலை.

சாந்தோ தொமிங்கோ தேவாலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி, பச்சைக் கல்லில் கட்டிய பழைய வீடு. அந்த ஊரில் பாதிக் கட்டடங்கள் அந்தக் கல்தான், மழை நனைத்தால் பாசி நிறத்துக்கு வருகின்றன. நடு முற்றத்தில் மேஜைகள். மெனு அட்டையே இல்லை. ஏழு பதார்த்தம், அவர்கள் வைப்பதுதான் சாப்பாடு. கல்யாணப் பந்தி மாதிரிதான். ஆனால் பந்தியில் இன்னொரு கரண்டி கேட்கலாம்.

முற்றத்து மூலையில் என்னைவிட மூத்த ஒரு அம்மா, விறகடுப்பில் மண்ணால் செய்த தோசைக்கல் வைத்து தோர்த்தியா என்கிற மக்காச்சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கோமால் என்கிறார்கள் அந்தக் கல்லை. ஒட்டாமல் இருக்க அதன் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் பூசுகிறார்கள், நிலா மாதிரி வெளுத்திருக்கிறது. மாவிலும் சுண்ணாம்பு உண்டு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் கொதிக்கவிட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் தோல் நீங்கக் கழுவி அரைக்கிறார்கள். அதற்கு நிஸ்தமால் என்று பெயர். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். சோளத்தில் இருக்கிற நயாசின் என்ற வைட்டமின் சும்மா வேகவைத்தால் உடம்பில் சரியாகச் சேராது, சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. ஸ்பெயின்காரர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்தக் கைப்பக்குவத்தை விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு இத்தாலியின் வடக்கே சோளக்கூழை மட்டும் நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தி பேதலிக்கிற பெலாக்ரா நோய் வந்தது. படிப்பறியாத பாட்டிகள் கண்டுபிடித்ததை மருத்துவர்கள் 20-ஆம் நூற்றாண்டில்தான் புரிந்துகொண்டார்கள்.

சாப்பாட்டுக்கு நடுவில் நான் எழுந்து அந்த அம்மாவிடம் போய்விட்டேன். அவருக்குப் பக்கத்தில் நம் அம்மிக்குத் தங்கை மாதிரி ஒரு கல் கிடந்தது, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெதாத்தே என்று பெயர். மூன்று கால், முன்பக்கம் சரிவு. நாம் அம்மிக்கு எதிரே சம்மணம் போடுவோம் அல்லது குத்துக்காலிடுவோம். இவர்கள் முழங்காலிட்டு, உடம்பு மொத்தத்தையும் முன்னால் தள்ளி அரைக்கிறார்கள். குழவியைக் காட்டி "இதற்கு என்ன பேர்" என்று பவானியை விட்டுக் கேட்டேன். சாதாரணமாக "மானோ", கை என்பார்களாம். பரிமாறுகிற பையன் குறுக்கே வந்து, பழைய நாவாத்துல் மொழியில் அதற்கு மெத்லபில்லி என்று பெயர், "மெதாத்தேயின் குழந்தை" என்று அர்த்தம் என்றான்.

கோமதி, ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. நாம் குழவி என்கிறோமே, அது என்ன? கைக்குழந்தையைத்தானே பழந்தமிழில் குழவி என்பது! கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருத்தியும், ஒருவரை ஒருவர் அறியாமல், கல்லின் மடியில் கிடந்து உருளுகிற கல்லைப் பார்த்து, பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் அதைச் சொல்ல, பவானி அவளுக்குத் தெரிந்த ஸ்பானியத்தில் மாற்ற, அந்த அம்மா சிரித்துக்கொண்டே குழவியை என் கையில் கொடுத்தார். இரண்டு இழுப்பு இழுத்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

இரண்டாவது வந்த தட்டில் ஒரு துவையல். பையன் பெருமையாக, இது சிக்கதானா, முதல் மழைக்கு மண்ணிலிருந்து கிளம்புகிற சிறகுள்ள எறும்பு, விடியுமுன் விளக்கடியில் பிடித்து, வறுத்து, பூண்டு மிளகாயோடு அரைத்தது என்று விளக்கினான். மருமகன் முகம் சுருங்கியது. நானும் உன் அண்ணாச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஈசல்! உங்க வீட்டுத் திண்ணையில் அரிக்கன் விளக்கை வைத்து, கீழே வாளித் தண்ணீர் வைத்துப் பிடித்ததும், உங்க ஆச்சி பொரியரிசியோடு வறுத்துக் கொடுத்ததும், ஒருதடவை உனக்கு வயிற்றைக் கலக்கி ராத்திரி முழுக்க ஓடியதும் ஞாபகம் இருக்கிறதா? நம்முடையது கரையான் இனம், இது எறும்பு இனம், ஆனால் வறுத்தால் வாசனை அதேதான். வேர்க்கடலையைக் கொஞ்சம் தீய்த்த மாதிரி. நாம் வளர்ந்தபிறகு அதைத் தின்றோம் என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டோம். இங்கே அது மேஜைக்கு வரும்போது அதன் ஊர், மாதம் எல்லாம் சொல்லி வருகிறது.

நடுவில் வந்த தக்காளியும் சூப்பும் பரவாயில்லை. நான் எழுத வந்தது ஐந்தாவது பதார்த்தம். கருப்பு மோலே. மொல்லி என்றால் நாவாத்துலில் குழம்பு என்றே பொருள். வஹாக்காவில் ஏழு மோலே என்று கணக்குச் சொல்வார்கள்; வீட்டுக்கு வீடு மாறும் என்று அதே மூச்சில் சொல்வார்கள். கருப்புதான் எல்லாவற்றிலும் வேலை அதிகம். அதற்கென்று சில்வாக்லே என்று ஒரு வற்றல், அந்த மாநிலத்தில் கொஞ்ச இடத்தில்தான் விளைகிறது, விலை கையைக் கடிக்கும். நாம் பச்சை மிளகாய், வற்றல் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இவர்களிடம் காய்ந்தால் பெயரே மாறிவிடும். பொப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ, ஹலப்பேன்யோ பழுத்துப் புகையில் காய்ந்தால் சிப்போத்லே. நம் வீட்டுப் பெண்கள் கல்யாணமானதும் இனிஷியல் மாற்றுவது மாதிரி.

வற்றலின் விதையை எடுத்து, தோலைக் கறுக்கக் கறுக்க வாட்டுகிறார்கள். விதையைத் தனியாகக் கரியாகும்வரை எரித்துத் தண்ணீரில் கசப்புப் போக ஊறவைக்கிறார்கள். ஒரு தோர்த்தியாவையும் கரியாக்குகிறார்கள். அப்புறம் எள், வேர்க்கடலை, பாதாம், உலர்திராட்சை, நேந்திரம் மாதிரி ஒரு வாழைப்பழம், சுட்ட தக்காளி, பூண்டு, வெங்காயம், கிராம்பு, மிளகு, பட்டை. ஒவ்வொன்றும் தனித்தனியாக வறுபட்டு, எல்லாம் விழுதாகி, கொழுப்பில் வதங்கி, கடைசியில் சாக்லேட்டும் அவகாடோ இலையும் சேருகின்றன. முப்பது சாமான் என்றான் பையன். பன்றிக் கொழுப்பு என்று உன் அண்ணாச்சியிடம் சொன்னேன். "இனிமேல் சொல்லி என்ன" என்று தட்டை வழித்தார்.

கருகக் கூடாது, கருகக் கூடாது என்றுதானே நமக்கு அடுப்பங்கரையில் சொல்லிக்கொடுத்தார்கள். கடுகு கருகினால் அம்மா கரண்டியாலேயே ஒன்று வைப்பாள். இவர்கள் கருகலின் விளிம்புக்கே போய், அங்கிருந்து ருசியைத் திருடி வருகிறார்கள். வாயில் வைத்ததும் இனிப்பு, பிறகு புகை, பிறகு ஒரு மெல்லிய கசப்பு, காரம் கடைசியில் வந்து தொண்டையில் உட்காருகிறது. சாக்லேட் குழம்பு என்று யாராவது சொன்னால் நம்பாதே. சாக்லேட் அதில் பெருங்காயம் மாதிரி. இருப்பது தெரியாது, இல்லாவிட்டால் தெரியும்.

குறையும் சொல்ல வேண்டும். வான்கோழிக் கறி இரண்டு துண்டு, என் சுண்டுவிரல் நீளம். பெரிய கருமண் தட்டு, நடுவில் ஒரு கைக்குட்டை அளவுக்குக் குழம்பு. ஒவ்வொரு தட்டுக்கும் பையன் நின்று பிரசங்கம் செய்தான். ஆறாவது தட்டு வருவதற்குள் எனக்குக் கொட்டாவி. உன் அண்ணாச்சி ஐந்து டம்ளர் தமரிந்தோ சாறு குடித்தார், வேறு என்ன, நம் புளிதான், கப்பலேறி வந்து பானகமாகி நிற்கிறது. மிளகாயைக் கொடுத்துப் புளியை வாங்கிக்கொண்டார்கள், கணக்கு சரிதான் என்றார். ராத்திரி விடுதிக்கு வந்து பிஸ்கட் தின்றோம்.

ஆளுக்கு 1,400 பேசோ. நான்கு பேருக்கும் மேல்காசு சேர்த்து நம் ஊர்க் காசுக்கு முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. மருமகன் அட்டையைத் தேய்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாவின் தோள்பட்டையை நினைத்துக்கொண்டேன், சரி, கொடுக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் ஞாயிறு. த்லாகொலுலா என்ற ஊரில் வாரச்சந்தை. பக்கத்தில்தான் கிலா நகீட்ஸ் என்ற குகை, அதில் கிடைத்த சோளக்கதிர்த் துண்டுகளுக்கு 6,000 வருஷத்துக்கு மேல் வயது. குகைக்குப் போகவில்லை, சந்தையிலேயே எனக்குப் பொழுது போய்விட்டது. கல்லறைத் திருநாள் முடிந்த வாரம், மிச்சமான செண்டுப்பூ மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஒரு மூலையில் மாவு மில். பெண்கள் வறுத்த வற்றலை வாளியில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்த நெடிக்கு நான் தும்மினேன், ஒருத்தி தன் முந்தானை மாதிரித் துண்டை நீட்டினாள். நீ உங்க ஊர் மில் வாசலில் தூக்குச்சட்டியோடு நிற்பது அப்படியே கண்ணில் வந்தது.

ஒரு கிழவி மோலே விழுதைக் கறுப்பும் சிவப்புமாகக் குன்று குன்றாகக் குவித்து விற்றார். கறுப்பு கிலோ 240 பேசோ. நான் என்ன செய்தேன் தெரியுமா? விரலைக் காட்டி 200 என்றேன். பழக்கம். வாய் தானாகக் கேட்டுவிட்டது. கிழவி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டி, நிறுத்துக் கட்டினார். கட்டி முடித்தபின் பொட்டலத்தைத் திறந்து இன்னும் ஒரு கரண்டி அள்ளி வைத்து "பிலோன்" என்றார். பவானியிடம் கேட்டேன். "கொசுறும்மா" என்றாள். அப்புறம் வண்டியில் ஏறுகிறவரை அவள் என்னோடு பேசவில்லை.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். கூட்டத்தில் அந்தக் கடையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏட்டி, வறுப்பதை விடாதே. ஜனவரி பத்துக்குள் ஊருக்கு வந்துவிடுவோம். மோலேயில் பாதி உனக்கு. எண்ணெயில் நன்றாக வதக்கி, கோழி வெந்த தண்ணீரை விட்டுக் கரைத்துக் கொதிக்கவை, பொறுமையாகக் கிளறு, அடிப்பிடிக்கும். தோசைக்குச் சேரும் என்று நினைக்கிறேன், உன் மருமகளைக் கேட்காமல் நாமே செய்து பார்ப்போம். நீ பொடிக்கு வறுக்கிற நாளை முன்னாலேயே சொல்லு, நானும் வந்து ஒரு கரண்டி பிடிக்கிறேன். எனக்கு இரண்டு கிலோ எடுத்து வை. கிலோ 700 என்று சீட்டில் எழுதிவிடு.

அன்புடன்,
சாரதா